எதிர்க்கையில் யந்திரம்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பணம் வைத்து ஆடி வீடு வாசலை இழந்தவர்களின் கதை ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு வழங்கி வருகிறது. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆட்டத்தில் பணம் இல்லை. ராஜா, ராணி, ஜாக்கி இல்லை. இஸ்பேட்டும் ஆட்டினும் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்னும் நான்கு நிறங்களும், சுழி முதல் ஒன்பது வரையிலான எண்களும், குறும்பு செய்வதற்கென்றே சேர்க்கப்பட்ட சில விசேஷச் சீட்டுகளுமே உண்டு. ஊனோ என்பது அதன் பெயர். இத்தாலிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் ஊனோ என்றால் ஒன்று.

தில்லி, மும்பை, புனே போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இந்தச் சீட்டுக்கட்டைக் காண்பது அரிதன்று. தஞ்சாவூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் தாத்தாவுக்கு இந்தி தெரியாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஒரு மணி நேரம் ஊனோ ஆடிவிட்டுச் சிரித்த முகத்துடன் எழுந்திருக்கிறார்கள். நிறத்தைக் காட்டவும் எண்ணைக் காட்டவும் எந்த மொழியும் வேண்டியதில்லை அல்லவா? ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் அலுவலகத்துக்கும் போன பிறகு, பகல் பொழுதில் எதிரே உட்கார ஆள் இல்லை. அப்போது கைத்தொலைபேசியே எதிர்க்கை பிடிக்கிறது. அதனுள் இருக்கும் கணிப்பொறி சீட்டைக் குலுக்குகிறது, பங்கிடுகிறது, தானே ஆட்டக்காரனாகவும் ஆடுகிறது. இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்த யந்திரம் என் சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறதா?

நியாயமான கேள்விதான். சீட்டைப் பங்கிடுகிறவனும் எதிரியும் ஒருவனே என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இதற்கு விடை தேடப் போனால் சில சுவையான விஷயங்கள் அகப்படுகின்றன.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரை ஒட்டி, ரெடிங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே முடிதிருத்தகம் நடத்தி வந்த மெர்ல் ராபின்ஸ் என்பவர் 1971-ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்தை வகுத்தார். அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு ஆடும் ‘கிரேசி எய்ட்ஸ்’ என்ற பழைய ஆட்டத்தில் விதிகளைப் பற்றித் தந்தைக்கும் மகனுக்கும் எழுந்த வாக்குவாதமே இதற்கு வித்து என்று சொல்வார்கள். குடும்பத்தார் சேர்ந்து 8,000 டாலர் போட்டு 5,000 கட்டுகள் அச்சிட்டார்கள். பிறகு 50,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் பத்து சென்ட் உரிமைத் தொகைக்குமாக ஆட்டத்தை இல்லினாய் மாநிலத்து வணிகர் சிலருக்கு விற்றுவிட்டார் ராபின்ஸ். 1992-இல் அது மேட்டல் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சிறு வயதில் நாம் ஆடிய ‘கழுதை’யை நினைத்துக்கொண்டால் இதன் இலக்கணம் எளிதில் பிடிபடும். வந்த இனத்தையே போட வேண்டும், கையை முதலில் காலி செய்தவன் தப்பித்தான் என்பது அங்கேயும் உள்ளதுதான். வடக்கே அதையே ‘பாபி’ என்று அண்ணியாக்கிவிட்டார்கள்! கழுதை அண்ணியானது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஊனோவின் மூலக்கட்டில் 108 சீட்டுகள். நிறம் ஒன்றுக்கு 25 வீதம் 100. எஞ்சிய எட்டும் நிறமற்றவை. அவற்றுள் நான்கு, நிறத்தை மட்டும் மாற்றுபவை. மற்ற நான்கு, நிறத்தையும் மாற்றி அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்கவும் வைப்பவை. பிள்ளைகள் இந்தப் பின்னதைப் ‘பிளஸ் ஃபோர்’ என்பார்கள். ஆளுக்கு ஏழு சீட்டு. மேலே கிடக்கும் சீட்டின் நிறமோ எண்ணோ குறியோ பொருந்தினால் போடலாம். பொருந்தாவிட்டால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கையில் ஒரே சீட்டு எஞ்சும்போது ‘ஊனோ’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். மறந்து பிடிபட்டால் இரண்டு சீட்டுத் தண்டனை. இருவர் மட்டும் ஆடும்போது, சுற்றைத் திருப்பும் ‘ரிவர்ஸ்’ சீட்டுக்குத் திருப்ப வேறு ஆள் இல்லையாதலால், போட்டவனுக்கே மறுபடி முறை வருகிறது. யந்திரத்தோடு தனியே ஆடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாண்டும் சீட்டும் திருப்பும் சீட்டும் கையில் சேர்ந்துவிட்டால், எதிரி வாய் திறப்பதற்குள் நாலைந்து சீட்டை இறக்கிவிடலாம்.

யந்திரம் ஆடுவதில் பல படிகள் உண்டு. மிகவும் எளிய நிரல், தன் கையில் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போய், பொருந்துகிற முதல் சீட்டைப் போட்டுவிடும். அதற்கு யோசனை என்பதே கிடையாது. ஆயினும் அது நம்மை அடிக்கடி ஜெயித்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. அடுத்த படியிலுள்ள நிரல், தன் கையில் எந்த நிறம் மிகுதியோ அதன் பக்கம் ஆட்டத்தைத் திருப்பும். எதிரி கையில் இரண்டே சீட்டு என்றால் அதுவரை ஒளித்து வைத்த தண்டனைச் சீட்டை எடுக்கும். நம் வீட்டுப் பாட்டிகள் ரம்மியில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது படிதான் கணிப்பொறிக்கே உரியது. நீங்கள் சிவப்பு கிடக்கும்போது போட முடியாமல் கட்டிலிருந்து எடுத்தால், அந்த நிமிஷத்தில் உங்களிடம் சிவப்பு இல்லை என்பதை அது குறித்துக்கொள்கிறது. வெளிவந்த சீட்டு ஒவ்வொன்றும் அதன் நினைவில் இருக்கிறது. மீதமுள்ள சீட்டுகளை ஆயிரம் விதமாக உங்கள் கையில் கற்பனையாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கற்பனையிலும் ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி, எந்தச் சீட்டைப் போட்டால் அதிக முறை ஜெயிக்கிறது என்று கண்டு அதையே போடுகிறது. இம்முறைக்கு மான்டி கார்லோ என்று பெயர். இதன் பிறப்பும் சீட்டாட்டத்தில்தான். 1946-இல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறிவந்தார். தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்தவர், அது வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார். கணக்கு சிக்கலாகவே, பேசாமல் நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று நினைத்தார். அந்த நினைப்பு அணு ஆராய்ச்சிக்கும் அப்பால் வெகுதூரம் போய்விட்டது.

யந்திரம் சதுரங்கத்தில் உலக வீரனையே வென்றுவிட்டதே, சீட்டு எம்மாத்திரம் என்று தோன்றலாம். 1997-இல் டீப் புளூ என்ற கணிப்பொறி காஸ்பரோவை வென்றது உண்மை. ஆனால் சதுரங்கத்தில் பலகை இருவர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. ஒளிவு மறைவு இல்லை. சீட்டில் பாதி உலகம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் பந்தயத்துக்கு வரம்பில்லாத போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் தேர்ந்த வீரர்களை யந்திரம் வெல்வதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு வீரர்களோடு இருபது நாள் 1,20,000 கைகள் ஆடி வென்றது.

ஊனோவும் விளையாட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒதுக்கத்தக்கதன்று. 2010-ஆம் ஆண்டில் கணினி விஞ்ஞானிகள் ஐவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதிரியே வேண்டாம், ஒரே ஆள், எல்லாச் சீட்டும் கண்முன் விரித்துக் கிடக்கின்றன, அவற்றை விதிப்படி ஒன்றன்மேல் ஒன்றாக மிச்சமின்றி அடுக்க முடியுமா என்பதே கேள்வி. நிறங்களும் எண்களும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இதற்கு விரைவான பொது வழி இதுவரை எவருக்கும் தெரியாத கடும் கணக்குகளின் வரிசையில் அது சேர்கிறது என்று நிறுவினார்கள். நிறம் நான்கே என்று கட்டிப்போட்டால் கணக்கு வழிக்கு வந்துவிடுகிறதாம். கட்டுரை ஆசிரியர் ஐவரில் இருவருடைய குடும்பப் பெயர் ஊனோ! ஜப்பானில் அப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டு.

இனி அந்தப் பிளஸ் ஃபோருக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மேலே கிடக்கும் நிறம் உங்கள் கையில் இல்லாதபோதுதான் பிளஸ் ஃபோரைப் போடலாம் என்பது விதி. ஆனால் உங்கள் கை உங்களுக்கு மட்டுமே தெரியும். நிறத்தை வைத்துக்கொண்டே இல்லாதவர்போல் போட்டுவிடலாம். எதிரி சந்தேகித்து, ‘காட்டு’ என்று கேட்கலாம். பொய் வெளிப்பட்டால் நான்கு சீட்டும் உங்களுக்கு. நீங்கள் சொன்னது மெய்யென்றால் கேட்டவருக்கு நான்கு அன்று, ஆறு.

எப்போது ‘காட்டு’ என்று கேட்பது? கேளாமல் இருந்தால் நமக்கு நான்கு சீட்டு நிச்சயம். கேட்டுப் பிழையானால் ஆறு. அதாவது நஷ்டம் இரண்டு. கேட்டுச் சரியானால் நம் நான்கு நீங்கி அவருக்கு நான்கு ஏறுகிறது. இடைவெளியில் லாபம் எட்டு. இரண்டு நஷ்டத்துக்கு எட்டு லாபம் என்றால், ஐந்தில் ஒரு முறைக்கு மேல் எதிரி பொய் ஆடுகிறார் என்று தோன்றினாலே கேட்டுவிடுவது லாபம். சாதாரணமாக மக்கள் கேட்பதில்லை. ஆறு என்ற எண் பயமுறுத்திவிடுகிறது. உறவினரைப் பொய்யர் என்று சொல்லக் கூச்சம் வேறு. யந்திரத்துக்கு இந்தக் கூச்சம் இல்லை.

ஓர் உதாரணம். நீங்கள் காணாத சீட்டுகள் 80. அவற்றுள் சிவப்பு 20. எதிரி சிவப்பின்மேல் பிளஸ் ஃபோர் போட்டுவிட்டு நான்கு சீட்டோடு இருக்கிறார். வேறு குறிப்பு ஒன்றும் இல்லையென்றால், அந்த நான்கில் சிவப்பே இல்லாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 31. விதியைப் பொருட்படுத்தாமல் கிடைத்தபோதெல்லாம் பிளஸ் ஃபோரை வீசுகிறவராக அவர் இருந்தால், தயங்காமல் கேட்கலாம். அவர் அரிச்சந்திரனுடைய வாரிசு என்றால் ஒருபோதும் கேட்கலாகாது. ஆகவே, கணக்கின்படி ஆடும் யந்திரம் என்றும் மெய்யே ஆடாது, என்றும் பொய்யே ஆடாது. தான் போடும் பிளஸ் ஃபோர்களில் ஐந்தில் ஒன்று ஏறக்குறையப் பொய்யாக இருக்கும்படி கலந்து ஆடும். எது பொய் என்று நீங்கள் ஊகிக்க முடியாதபடி குருட்டுச் சீட்டெடுத்து முடிவு செய்யும். இப்படிக் கலந்து ஆடுவதற்கு ஆதாரமான தேற்றத்தை ஜான் வான் நாய்மன் 1928-லேயே நிறுவிவிட்டார். மனிதன் பொய் ஆடும்போது கண் சற்றே தாழ்கிறது. பேரன் என்றால் உதடு துடிக்கிறது. யந்திரத்தில் துடிப்பதற்கு ஒன்றுமில்லை. அது சொல்வதைப் பொய் என்று சொல்வதுகூடப் பொருந்துமா என்பது ஐயமே.

கைத்தொலைபேசிகளில் வரும் இத்தகைய ஆட்டங்கள் சிலவற்றில் ‘காட்டு’ என்று கேட்கும் வழியே வைப்பதில்லை. நிறம் கையில் இருந்தால் பிளஸ் ஃபோரை எடுக்கவே விடுவதில்லை. ஒழுங்கு நிலைநாட்டப்படுகிறது, ருசி போய்விடுகிறது. உங்கள் கருவியில் அவ்விதியைத் தேர்ந்துகொள்ளும் இடம் இருந்தால் அவசியம் தேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, யந்திரம் எட்டிப் பார்க்கிறதா? உங்கள் கை, அதன் கை, குலுக்கிய கட்டு மூன்றும் ஒரே நினைவகத்தில்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டும் என்று நிரல் எழுதினால் பார்க்கும். அதைத் தடுக்கும் சுவர் யந்திரத்தின் இயல்பில் இல்லை. நிரல் எழுதுகிறவர்தான் அந்தச் சுவரை எழுப்ப வேண்டும். நாணயமாக எழுதப்பட்ட நிரலில், பங்கிடும் பகுதி வேறு, ஆடும் பகுதி வேறு. ஆடும் பகுதிக்குத் தன் கையும், மேலே கிடக்கும் சீட்டும், உங்கள் சீட்டின் எண்ணிக்கையும், இதுவரை நடந்ததும் மட்டுமே கொடுக்கப்படும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நடுவே திரை போட்டுக்கொண்டவர்களைப் போல.

குலுக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 108 சீட்டுகளை வெவ்வேறு வரிசையில் அடுக்கும் வகைகளை எண்ணினால், ஒரே மாதிரிச் சீட்டுகளைக் கழித்த பின்னும், 157 இலக்கமுள்ள எண் வருகிறது. ஆனால் கணிப்பொறி தன் குலுக்கலை ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டே செய்கிறது. அத்தொடக்க எண் 32 துணுக்குகளில் அடங்குவதானால், சுமார் 429 கோடி விதக் குலுக்கல்களுக்கு மேல் அதனால் செய்யவே முடியாது. 1999-இல் வலைத்தளத்தில் பணம் வைத்து ஆடிய ஒரு சீட்டாட்டத்தில், தொடக்க எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரு நாளில் உள்ள மில்லி விநாடிகள் 8,64,00,000 மட்டுமே. கடிகாரத்தை ஒத்துவைத்துக்கொண்ட ஆராய்ச்சியாளர்கள் அதைச் சுமார் இரண்டு லட்சமாகக் குறைத்து, கண்ணில் பட்ட ஐந்து சீட்டுகளைக்கொண்டு கட்டு முழுவதையும் சொல்லிவிட்டார்கள்! அங்கே எட்டிப் பார்த்தது யந்திரம் அன்று, மனிதன். ஆபத்து பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. வெறும் பொழுதுபோக்குக்கு ஆடும்போது அதனால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. பணம் கேட்கும் ஆட்டம் எதுவாயினும் தொலைபேசியிலிருந்து அகற்றிவிடுவதே நல்லது.

சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு நோட்டில் நூறு ஆட்டங்களின் முடிவைக் குறித்து வாருங்கள். விட்டுவிட்டுக் குறித்தால் பயனில்லை; தோற்ற ஆட்டத்தைத்தான் மனம் நினைவில் வைத்திருக்கும். சமபலம் உள்ள இருவர் ஆடினால் நூற்றுக்கு ஐம்பது வரவேண்டும். ஆனால் தற்செயலாகவே நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே ஊசலாடும். 45 ஜெயித்து 55 தோற்றவர் யந்திரத்தைக் குறை சொல்ல ஆதாரம் இல்லை. 25 மட்டுமே ஜெயித்தால், உங்கள் ஆட்டத்தை ஒருமுறை யோசியுங்கள்; அதன் பிறகு யந்திரத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. ‘எளிது’ என்ற படியில் வைத்து ஆடினால் யந்திரம் நமக்கு விட்டுக்கொடுக்கிறது. எப்படி என்றால், அவ்வப்போது நல்ல சீட்டை விட்டு ஏதோ ஒரு சீட்டைப் போடும்படியும், ‘ஊனோ’ சொல்ல மறக்கும்படியும் நிரலில் எழுதுகிறார்கள். மறக்கத் தெரியாத யந்திரத்துக்கு, பத்தில் இத்தனை முறை மற என்று கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது! தாத்தாவும் பேத்திக்கு விட்டுக்கொடுக்கிறார். ஆனால் அவர் பத்துக்கு இத்தனை என்று விட்டுக்கொடுப்பதில்லை. மூன்று ஆட்டம் தோற்று அவள் கண் கலங்கும் நேரம் பார்த்து, கையிலுள்ள பிளஸ் ஃபோரை மறைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கட்டிலிருந்து ஒன்று எடுக்கிறார். நாலாவது ஆட்டத்தில் அவள் துள்ளும்போது, ‘ஊனோ சொல்லவில்லை, இரண்டு எடு’ என்று பிடித்தும் விடுகிறார். இந்தக் கணக்கை நிரலாக எழுதியவர் எவரையும் நான் அறியேன்.

சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாத கண்ணுடையவர்கள் ஆண்களில் சிலர் எப்போதும் இருப்பார்கள். பிள்ளை ஆட்டத்தில் ஓயாமல் நிறம் மாற்றிப் போட்டால் கவனக்குறைவு என்று அதட்டுமுன் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். 2017-இல் நிறத்துக்கு ஒரு குறி அச்சிட்ட ஊனோக் கட்டும் வெளிவந்தது.

கோடை விடுமுறை வருகிறது. தில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ரயில். ஊனோக் கட்டு வீட்டிலேயே தங்கிவிட்டாலும், நிலையக் கடையில் சாதாரணச் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கிக்கொண்டால் ராபின்ஸ் வீட்டார் ஆடிய மூல ஆட்டத்தையே ஆடலாம். ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஏழு சீட்டு. இனமோ எண்ணோ பொருந்த வேண்டும். எட்டு வந்தால் இனத்தை மாற்றலாம். இரண்டு விழுந்தால் அடுத்தவர் இரண்டு எடுக்க வேண்டும். ராணி விழுந்தால் அடுத்தவருக்கு முறை இல்லை. இரண்டின்மேல் இரண்டு போட்டு நான்காக்கலாமா என்ற சண்டையை வண்டி புறப்படுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். ஊனோவில் அது விதியன்று என்று மேட்டல் நிறுவனத்தாரே 2019-இல் சொல்லிப் பார்த்தார்கள். உலகத்தில் ஒரு வீட்டிலும் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.